ஜப்பான் சாமியார் கேட்ட செம்பு

கொரற்றி வீட்டு ஷோகேஸில் இருந்த விஸ்கி பாட்டிலிலிருந்து ஜப்பான் சாமியார் இறங்கி வந்த அன்று காலைதான் கார்ப்பரேஷன் தண்ணீரும் வந்திருந்தது. அதனால் தெருவில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. குழாயடியில் குடங்கள் முட்டிக்கொண்டு நிற்க, கொரற்றி தன் முறையில் நிறைத்த குடத்தை இடுப்பில் ஏற்றி வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் ஷோகேஸின் முன்னால் நனைந்த தார் பூசினது போல் கறுத்து, மொட்டைத் தலையோடு, முழங்கால் வரை தொங்கும் அங்கியோடு, வாய் இருக்க வேண்டிய இடத்தில் வாயில்லாமல் நின்றுகொண்டிருந்தார். தரையில் அவரைச் சுற்றி வட்டமாக ஈரம். கொரற்றி முதலில் குடத்தை இறக்கிவைத்தாள், ஏனென்றால் தண்ணீர் தளும்பினால் அடுத்த தண்ணீர் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. பிறகுதான் பாட்டிலைப் பார்த்தாள். லேபிளில் அலையும் படகும் அப்படியே இருந்தன. அலைக்கு மேலே எழும்பி நின்ற மொட்டைத்தலை உருவம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"ஒரு செம்பு தாங்க," என்றார் சாமியார்.

வாயில்லாதவர் எப்படிப் பேசினார் என்றோ, ஜப்பான்காரருக்குத் தமிழ் எப்படி வந்தது என்றோ அவள் கேட்கவில்லை. வாசலில் வந்து செம்பு கேட்டவருக்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. அடுக்களையிலிருந்து தன் கல்யாணச் செம்பை, அடியில் 'ம. கொரற்றி' என்று பேர் வெட்டிய பித்தளைச் செம்பை, எடுத்து வந்து கொடுத்தாள். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, இடுப்பு வளைய வணங்கி, திறக்காத பாட்டிலின் கழுத்து வழியாகச் செம்போடு உள்ளே இறங்கிப் போனார். சீல் உடையவில்லை. விஸ்கி மட்டும் ஒரு மடக்கு குறைந்திருந்தது.

அந்த பாட்டில் வந்த கதை தெருவுக்கே தெரியும். கொரற்றியின் புருஷன் இன்னாசி சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டர். அதே கப்பலில் சமையற்காரனாக இருந்த லியோன், கையில் ஆழமாகக் கத்தி வெட்டி, ஜப்பானில் கோபே துறைமுகத்தில் இறங்கி ஊருக்குத் திரும்பினான். அவன் பெட்டிக்குள் பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்தது அது. அந்த நாட்டுக் கதைகளில் வரும் பூதங்களையும் பிராணிகளையும், நரியாக மாறும் பெண்ணையும் ஒற்றைக்கால் குடையையும் நீண்ட மூக்கனையும், பாட்டிலுக்கு ஒன்றாக லேபிளில் வரைந்து, கொஞ்சம் பாட்டில்கள் மட்டுமே போட்ட லிமிடெட் எடிஷன் விஸ்கி. கடையில் எல்லா பாட்டிலையும் திருப்பித் திருப்பிப் பார்த்த இன்னாசி, கடைசியில் கடலுக்குள்ளிருந்து எழும்பும் இந்த மொட்டையரைக் கையில் எடுத்து, "ஏல, நம்ம கோயில் பழைய உபதேசியாரு மாதிரியே இருக்காவல்ல, இவியளையே வீட்டுக்கு அனுப்புவோம்," என்று சிரித்தானாம். கூடவே ஒரு சொல்லும் அனுப்பியிருந்தான்: நான் வந்துதான் ஒடைக்கணும். அதைச் சொல்லியே அனுப்பியிருக்க வேண்டாம். கப்பல்காரன் பாட்டிலை அவன் வந்திறங்கிய பிறகுதான், அவன் கையால்தான் திறப்பது என்பது அந்தத் தெருவில் தாலியைப் போல ஒரு காரியம்.

லியோன் இறங்கிய பிறகு கோபேயை விட்டுப் புறப்பட்ட கப்பலிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஏஜென்ட் ஆபீசில் கேட்டால், "சிக்னல்தாம்மா இல்ல, கப்பல் இருக்கு," என்றார்கள். சிக்னல் இல்லாமல் இருக்கிற கப்பலுக்கும் கப்பலே இல்லாமல் போவதற்கும் என்ன வித்தியாசம் என்று கொரற்றி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். போனை இடுப்பில் செருகிக்கொண்டே குளித்தாள், போனை மடியில் வைத்துக்கொண்டே பூசை கண்டாள், நெத்திலி ஆய்கிற கையைத் துடைத்துத் துடைத்துப் போனை எடுத்துப் பார்த்துப் பார்த்து அதன் கண்ணாடியெல்லாம் மீன் வாடை.

அன்று சாயங்காலம், கோயிலில் சாயங்கால செபத்துக்கான திருந்தாதி மணி அடித்து ஓய்ந்து வெகு நேரத்துக்குப் பிறகு சாமியார் பாட்டிலிலிருந்து ஏறி வந்து செம்பைத் திருப்பிக் கொடுத்தார். விஸ்கி இன்னொரு மடக்கு குறைந்திருந்தது. பக்கத்து வீட்டு சலேத்தக்கா, புதிதாக வந்திருப்பவர் யாரென்று பார்க்க வந்து உட்கார்ந்திருந்தவள், அவர் யாரென்பதை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாருக்கே ஓய்! மணி அடிச்ச பொறவு இரவல் சாமான் வீடு ஏறப்படாதுன்னு ஒங்க ஊர்ல சொல்லித் தரலையா? நாளையிலயிருந்து மணி அடிக்குமுன்ன கொண்டாந்துரணும், ஆமா."

சாமியார் அவளையும் இடுப்பு வளைய வணங்கினார்.

கொரற்றிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவள் செம்புக்குள் மூக்கை வைத்திருந்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர். அதன்மேல் மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் மினுங்கியது. டீசல், கிரீஸ், சூடான இரும்பு. லீவில் வரும் இன்னாசியின் துணிகளை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கும்மினாலும் போகாத வாடை. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

"இது எங்க வீட்டாளு எஞ்சின் ரூம் தண்ணி," என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்தது, விடிந்த பிறகு தெருவே சாமியாரை எடுத்துக்கொண்டது. அவருக்கு உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஒதுக்கினார்கள், அவர் ஒழுகுவதால் அதன் நடுவில் ஓட்டை போட்டார்கள். பங்குச்சாமி வந்து பார்த்து, ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்டு, "ஒரு செம்பு தாங்க" என்ற பதிலைக் கொஞ்ச நேரம் யோசித்து, தண்ணீர் சம்பந்தப்பட்ட பதிலாக இருப்பதால் இப்போதைக்குப் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்கள் அவர் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்து, பன்னிரண்டு வருஷ சரக்கு வாடைதான், சந்தேகமே இல்லை என்றார்கள். பெண்களோ அவரைப்போல் நல்ல இரவல்காரர் இந்தத் தெருவில் பிறக்கவே இல்லை என்றார்கள். ஏனென்றால் சலேத்தக்கா சொன்ன நாளிலிருந்து, மணி அடிக்கக் கயிற்றில் கை வைக்கும்போதே அவர் பாட்டிலிலிருந்து ஏறி, வாங்கிய பாத்திரத்தை வாங்கிய வாசலில் வைத்துவிடுவார். எதிர்வீட்டு டெய்சி மைனி கடன் வாங்கிய இட்லிக் கொப்பரையைப் பெரிய வியாழனிலிருந்து திருப்பித் தராதவள் என்பதை அந்தச் சாக்கில் எல்லோரும் அவளுக்கு நினைவூட்டினார்கள்.

சாமியார் கப்பலிலிருந்து தண்ணீரை வெளியே கோரி ஊற்றுகிறார் என்பதில் முதலில் யாருக்கும் சந்தேகமில்லை. கப்பலில் எங்கேயோ பொத்தல், பம்பு வேலை செய்யவில்லை, இன்னாசி வாங்கிய பாட்டிலின் நன்றிக்கு இவர் கோருகிறார். அப்படியானால் ஒரு செம்பு எப்படிக் காணும்? ஒரே கப்பலில்லாவிட்டாலும் எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவன் ஏதாவது ஒரு கடலில் இருந்தான். இன்று கொரற்றி வீட்டுக்குக் கொடுத்தால் நாளை நம் வீட்டுக்கு ஆகும் என்று சலேத்தக்கா குண்டானைக் கொண்டுவந்தாள், வேறொருத்தி தவலையைக் கொண்டுவந்தாள், டெய்சி மைனிகூட வாளியைக் கொண்டுவந்து, அடியில் பேர் வெட்டியிருப்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கொடுத்தாள். அத்தனையும் பாட்டில் கழுத்து வழியாக ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் இறங்கின. சாயங்காலம் அத்தனையும் எண்ணெய் வாடையோடு வீடு திரும்பின. விஸ்கி போகும்போது ஒரு மடக்கும் வரும்போது ஒரு மடக்குமாகக் குறைந்துகொண்டே வந்தது.

பாட்டில் பாதிக்குக் கீழே போன அன்றுதான் லியோன் வாயைத் திறந்தான். கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழாயடியில் நின்றவன், வேறெதையோ சொல்ல வந்து இதைச் சொன்னான்.

"ஒண்ணு கேள்விப்பட்டேன். அங்க ஜப்பான்ல, நடுக்கடல்ல இந்த மாதிரி ஒருத்தரு எழும்பி வந்து மோந்துகிட ஏதாவது குடுன்னு கேப்பாராம். குடுத்தா, அதாலயே கடலை மோந்து மோந்து கப்பலுக்குள்ள ஊத்தி, கப்பலையே கடலுக்கடியில தாத்துருவாராம். அதுக்காகவே அவனுவ அடியில்லாத அகப்பை ஒண்ணு கப்பல்லயே வச்சிருப்பானுவளாம்."

"ஏல பாவி," என்றாள் சலேத்தக்கா. "இதை எப்பல சொல்லுத?"

"நான் கேட்டதே குடிச்சிட்டு இருக்கப்பக்கா. சொன்னவனும் குடிச்சிருந்தான். எப்படி நம்பிச் சொல்ல?"

அதற்குப் பிறகு தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சாமியார் உள்ளேயிருந்து வெளியே கோருகிறாரா, வெளியேயிருந்து உள்ளே ஊற்றுகிறாரா? வெளியே கோருகிறார் என்றால் இன்னும் பெரிய பாத்திரம் கொடுக்க வேண்டும். உள்ளே ஊற்றுகிறார் என்றால் அடியில்லாத பாத்திரம் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்துவிட்டால் தாழ்வது இன்னாசியும் அவனோடு இருக்கிற அத்தனை பேரும். எண்ணெய் வாடை அடிக்கிறதே, கடல் தண்ணீரில் எண்ணெய் ஏது என்று ஒரு கட்சி. ஊற்றும்போது கப்பல் தண்ணீரில் பட்டுத்தானே வரும் என்று ஒரு கட்சி. இப்போதெல்லாம் எண்ணெய் முன்னைப்போல் இல்லையே, குறைந்திருக்கிறதே என்று யாரோ சொன்னது இரண்டு கட்சிக்கும் பொருந்தியது. எண்ணெய்த் தண்ணீர் இறைத்து முடிந்துவிட்டதென்றும் எடுத்துக்கொள்ளலாம், கப்பல் முழுக்கக் கடல் வந்துவிட்டதென்றும் எடுத்துக்கொள்ளலாம். சாமியாரிடமே கேட்டார்கள். அவருக்குத் தெரிந்த தமிழைத்தான் அவர் சொன்னார்.

விஸ்கி அடிமட்டத்துக்கு வந்த காலையில் கொரற்றி வீட்டு வாசல் நிறைந்துவிட்டது. வாசலுக்கு வலப்பக்கம் நல்ல பாத்திரங்களோடு ஒரு கூட்டம். இடப்பக்கம் ஓட்டைப் பாத்திரங்களோடு ஒரு கூட்டம். ஓட்டைப் பாத்திரத்தை ஒருவர் கையில் கொடுப்பது அவர் முகத்தில் துப்புகிற மாதிரி என்று வளர்ந்த பெண்கள் அவர்கள், ஆனாலும் டெய்சி மைனி தன் நல்ல வாளியைக் கல்லில் கவிழ்த்து உளியால் அடித்து அடியைப் பெயர்த்துக் கொண்டுவந்திருந்தாள். அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. வாளிக்காகவா இன்னாசிக்காகவா என்று யாரும் கேட்கவில்லை.

"கொரற்றி, இதைக் குடு," என்றாள் டெய்சி மைனி. "அவமரியாதையா இருந்தா எம்மேல பழி போடு. சொல்லிரு, எதிர்வீட்டுக்காரி கெட்டவன்னு சொல்லிரு."

"குடுக்காதட்டீ," என்றாள் சலேத்தக்கா. "உள்ள மனுசங்க உசிரக் கையில பிடிச்சிட்டுக் கெடப்பாவ. கோர வந்த மனுசன் கையில ஓட்டையக் குடுப்பியா?"

"மனுசனா அவரு?"

"மணி தவறாம சாமான் திருப்பித் தாராரு. நீ தருவியா?"

கொரற்றி ஷோகேஸைத் திறந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் இரண்டு மடக்கு. போக ஒன்று, வர ஒன்று. இதற்குமேல் சாமியார் வரவும் மாட்டார், போகவும் மாட்டார். இன்றைக்கு எதைக் கொடுக்கிறாளோ அதுதான் கடைசி. வலப்பக்கத்திலிருந்து தன் கல்யாணச் செம்பையும் இடப்பக்கத்திலிருந்து டெய்சி மைனியின் அடியில்லாத வாளியையும் வாங்கினாள். இரண்டு கையும் ஒரே கனமாக இருந்தது அவளுக்கு. 

வாளியை டெய்சி மைனியிடமே திருப்பிக் கொடுத்தாள். செம்பைச் சாமியாரிடம் கொடுக்கவில்லை.

"ஒரு செம்பு தாங்க," என்றார் சாமியார்.

"தர மாட்டேன்," என்றாள் கொரற்றி. "நானே கொண்டு வாரேன். உள்ளயா வெளியயான்னு நான் பாத்துக்கிடுதேன்."

அவள் பாட்டிலின் சீலைத் திருகி உடைத்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. ஆண்களில் ஒருவன் நெற்றியில் குருசு போட்டுக்கொண்டான். இன்னாசி உடைக்க வேண்டியதை உடைத்து, அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் எல்லோரும் பார்க்கச் செய்யாததை அவள் செய்தாள்: பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து, ஒரு மடக்கு வாயில் ஊற்றி விழுங்கினாள். முதலில் கருவாட்டுப் புகை மாதிரி இருந்தது, பிறகு உப்பு, பிறகு வேப்பம்பூத் தேன் மாதிரி ஒன்று, அதற்குப் பிறகு தொண்டையே இல்லை. அவள் குடித்தது அவள் போகிற மடக்கு, மிச்சமிருந்தது சாமியார் போகிற மடக்கு. திரும்பி வர ஒன்றுமில்லை என்பது சலேத்தக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏட்டி, எப்படித் திரும்பி வருவ?"

"கப்பல்லதான்," என்றாள் கொரற்றி. சாமியார் மற்ற வீட்டுப் பாத்திரங்களை, ஓட்டையில்லாதவற்றை மட்டும், தோளிலும் கையிலும் மாட்டிக்கொண்டு அவளுக்கு வழிவிட்டார். தெரு மொத்தமும் ஒரே குரலில், அழுகையும் அதட்டலுமாக, "போயிட்டு வா," என்றது.

பாட்டிலின் கழுத்து உள்ளே இறங்கும் இரும்பு ஏணியாக இருந்தது. சேலையை இழுத்துச் செருகி, செம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். இறங்க இறங்கச் சூடு, இறங்க இறங்க டீசல், கடைசிப் படியில் இடுப்பு வரை தண்ணீர். மஞ்சளாக ஒரு விளக்கு. செத்துக் கிடந்த எஞ்சினைச் சுற்றி ஆண்கள் வரிசையாக நின்று, கைக்குக் கை, தலைக்கு மேலே, ஏணி வழியாக மேல்தட்டை நோக்கி மேலே மேலே கைகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கைகளில் தண்ணீர் மொண்ட ஹெல்மெட்டுகள் இருந்தன. சாமியார் தோளிலிருந்து பாத்திரங்களை இறக்கி ஆளுக்கொன்றாக, இரண்டு கைகளாலும் வணங்கிக் கொடுத்தார். அவர்கள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சலேத்தக்காவின் குண்டானிலும் யார் யாரோ வீட்டுத் தவலையிலும் கோரத் தொடங்கினார்கள். சாமியார் ஒரு சொட்டும் கோரவில்லை, உள்ளேயும் ஊற்றவில்லை, வெளியேயும் ஊற்றவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டார்.

வரிசையின் அடியில், மார்பு வரை தண்ணீரில் நின்றவன் திரும்பினான். தாடி வளர்ந்திருந்தது.

"ஏட்டி," என்றான் இன்னாசி. "வீட்டுல யாரு இருக்கா?"

"தெருவே இருக்கு. கோருங்க."

அவள் அவனுக்கு அடுத்து, ஏணியின் கடைசிப் படியிலேயே நின்று செம்பால் மொண்டு குண்டானில் ஊற்றினாள். மொண்டுகொண்டே கேட்டாள், ஊற்றிக்கொண்டே அவன் சொன்னான். பம்பு செத்தது, வயர்லெஸ் செத்தது, பக்கெட்டெல்லாம் முதல் அலையிலேயே போனது. இவர்தான் காலையில் பாத்திரம் கொண்டுவருகிறார். "செம்புல ஒம் பேரப் பாத்ததும் எனக்கு உசிரு வந்துச்சு. ஆனா சாயங்காலமானா அத்தனையும் பிடுங்கிட்டுப் போயிருதாரு. என்ன கெஞ்சியும் விட மாட்டாரு. பகல்ல எறக்குனதெல்லாம் ராத்திரி ஏறிருது. நேத்து இவ்வளவு இல்ல, இன்னைக்கி இவ்வளவு."

"ஒரு வார்த்தை செம்புல கீறி விட்டுருக்கலாம்ல?"

"செம்பு கையில இருக்கிற நேரம் எல்லாம் கோரத்தான தோணும். கீறவா தோணும்?"

கொரற்றியின் கை நின்றது. மணி அடிக்குமுன் இரவல் வீடு திரும்ப வேண்டும் என்று சலேத்தக்கா சொன்னதும், சாமியார் வணங்கியதும், தெருவே சேர்ந்து அவரைப் புகழ்ந்ததும் கண்முன்னால் வந்தன. தெருவின் ஒழுங்கு ஒவ்வொரு சாயங்காலமும் இங்கே இறங்கி வந்து இவர்கள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிப் போயிருக்கிறது.

மறுபடி கோரத் தொடங்கிய கை ஓயாமலே அந்தப் பகல் கழிந்தது. மேலே எங்கேயோ, எத்தனையோ கடலுக்கு அப்பால், திருந்தாதி மணிக்குக் கயிறு இழுபடும் முனகல் கேட்டது. சாமியார் சுவரை விட்டு நகர்ந்து, வரிசையில் முதல் ஆளின் குண்டானுக்கு இரண்டு கைகளையும் நீட்டினார். அவன் முகம் குழந்தை முகம்போல் கோணியது.

"சாமி," என்றாள் கொரற்றி. "விடுங்க. இவிய வச்சுக்கிடட்டும்."

சாமியார் திரும்பினார். குண்டானின் அடியைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். அங்கே 'சலேத்' என்று வெட்டியிருந்தது. அது அவளுடையதல்ல. தவலையைக் காட்டினார். அதுவும் அவளுடையதல்ல. இரவல் கொடுத்தவர் சொல்லாமல் இரவலை விட முடியாது என்று அவர் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. கொரற்றிக்கு வாழ்நாளில் அடுத்த வீட்டுச் சாமானைப் பற்றி ஒரு பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அவிய எல்லாரும் சொல்லித்தான் விட்டாவ," என்றாள். "திருப்பித் தர வேண்டாம்னு. எல்லாரும். டெய்சி மைனிகூட."

வரிசையில் யாரோ ஒருவன் தாங்க முடியாமல் சிரித்தான். சாமியார் குண்டானுக்காக இரண்டு கைகளையும் மறுபடி நீட்டினார். மணி அடித்தது. அது அடித்து முடியும் வரை கப்பலில் யாரும் மூச்சு விடவில்லை. தெருவிலும் அப்போது அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு வாசலிலும் ஒரு பாத்திரமும் திரும்பாத முதல் சாயங்காலத்தில், வலப்பக்கக் கூட்டமும் இடப்பக்கக் கூட்டமும் ஒன்றாகக் கலந்து வெறும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும், இது நல்லதற்கா கெட்டதற்கா என்று சொல்ல அங்கே ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

மணி ஓய்ந்ததும் சாமியார் நீட்டிய கைகளை மடக்கினார். பிறகு அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, கொரற்றிக்கும் மேல் ஆளுக்கும் நடுவில் வரிசையில் நின்று, அவள் நிறைத்த குண்டானை வாங்கி மேலே கொடுத்தார்.

கோரினார்கள். பேசவில்லை, கோரினார்கள். கை மரத்து, தோள் மரத்து, இனி யாருடைய கை யாருடையது என்று தெரியாமல் ஆன ஒரு நேரத்தில், கொரற்றி குனிந்து பார்த்தாள். இடுப்பில் சேலையின் ஈரக் கோடு இருந்தது. தண்ணீர் அதற்குக் கீழே, ஒரு விரலளவு கீழே நின்றது. அவள் மறுபடி பார்த்தாள். சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்து இன்னாசியிடம்கூடச் சொல்லாமல், அடுத்த செம்பை மொண்டாள்.